கற்பூரம் எரியாத அறை

ஜெயஸ்ரீ தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் காலை வைத்தாள். அடுப்பு அணைந்தது.

காற்று காரணமில்லை. பெருங்களத்தூரில் அவர்கள் குடியிருந்த போர்ஷனின் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. நீலச் சுவாலை பர்னரை விட்டு ஒரு விரல் மேலே எழும்பியது, நடுங்கியது, பிறகு யாரோ உறிஞ்சிக்கொண்டதுபோல இல்லாமல் போனது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"இன்னாடி இது, இப்பத்தான சிலிண்டர் மாத்தினேன்," என்றாள் அம்மா முத்தாலம்மாள். லைட்டரை டக் டக்கென்று அடித்தாள். பொறி வந்தது. பற்றவில்லை. "நீ இன்னாத்துக்கு குறுக்க நின்னுகினு கீற? நகரு அப்பால."

ஜெயஸ்ரீ கூடத்துக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் பக்கென்று அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கருவாட்டுக் குழம்பின் வாசனை மறுபடி கிளம்பியது. அம்மா கொட்டாவி விட்டபடியே கரண்டியால் கிளறினாள். கொஞ்ச நாளாக அம்மா ஓயாமல் கொட்டாவி விடுகிறாள். கோவளத்தில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், கூடையோடு பஸ் ஏறி, வெயில் முழுக்கத் தெருத் தெருவாய் நடந்த காலத்தில்கூட அவள் இப்படிச் சோர்ந்து ஜெயஸ்ரீ பார்த்ததில்லை.

அவளுக்குத் தெரியும், எந்த நாளிலிருந்து என்று. ஆயுத பூஜை அன்றிலிருந்து.

மறைமலை நகர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவள் வேலை பார்த்த ஆய்வகம். தொப்புள்கொடி ரத்தத்தையும் திசு மாதிரிகளையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காப்பாற்றும் தனியார் நிறுவனம். சேமிப்பு அறை சின்னது. ஏ.சி. உண்டு, ஜன்னல் இல்லை. இடுப்பளவு உயர டேங்குகள் சுவரோரம் நின்றன. அவற்றை நிரப்புவது தயாளன் வேலை. தயாளன் உட்பட எல்லாருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது ஜெயஸ்ரீயின் வேலை. குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். விதி என்றால் விதி. முகக்கவசம் இல்லாமல் கேனைத் தொட்டவனை எல்லார் எதிரிலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள்.

"இதுக்கு வாசனை கிடையாது," என்பாள் வகுப்பில். "ஒரு லிட்டர் ஊத்தினா எழுநூறு லிட்டர் வாயுவாகும். அது வந்து உக்காரணும்னா ஆக்சிஜன் எழுந்து போயாகணும். மூச்சு முட்டும், ஓடிடலாம்னு நினைக்காதீங்க. முட்டாது. சிரிப்பு வரும், தூக்கம் வரும். அவ்ளோதான்."

"மேடம் சிரிச்சுட்டா அலாரம் அடிக்கும்போல," என்பார் தயாளன் பின்வரிசையிலிருந்து. எல்லாரும் சிரிப்பார்கள். அவளைத் தவிர.

பூஜையன்று டேங்குகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சாமி படத்தை அந்த அறையிலேயே வைத்தார்கள், அங்கேதானே மெஷின்கள் இருக்கின்றன. சீரியல் லைட் போட பிளக் பாயிண்ட் கிடைக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் அலறுகிற கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் மாட்டினார்கள். ஜெயஸ்ரீ பார்த்தாள். அரை மணி நேரம்தானே என்று விட்டாள்.

"மேடம், கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது தரையில புகை விடுவாங்களே," என்றார் மேனேஜர் கிரீஷ், கையில் போனோடு. "நம்மகிட்ட கேன் கேனா இருக்கு. சாமிக்கு ஒரு எஃபெக்ட் குடுக்கலாம். வீடியோ சூப்பரா வரும்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். "இன்னைக்கு ஒருநாள் திட்டாதீங்க மேடம்," என்றார் தயாளன். "பட்டுப்புடவைக்கு கோவம் மேட்ச் ஆகல." அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கேவலம். எப்போதும் முசுடு என்று பெயர் வாங்கியவளை ஒரு நாள் எல்லாரும் பிரியமாகப் பார்த்தார்கள், அவளுக்கு அது வேண்டியிருந்தது. கையுறை மாட்டினாள், முகக்கவசம் போட்டாள், ஸ்டீல் தட்டுகளில் அவளே ஊற்றினாள். வெள்ளை பொங்கி, மேலே போகாமல் மேசையிலிருந்து வழிந்து தரையில் தவழ்ந்தது. கைதட்டினார்கள். வீடியோ சரியாக வரவில்லை என்றார் கிரீஷ், எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை இழுக்கிறதாம். அவளே போய் ஃபேனை அணைத்தாள். மறுபடி ஊற்றினாள். இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை.

தயாளன் தரையில் குந்தி, படத்தின் முன் தட்டில் கற்பூரம் ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார். அணைந்தது.

"நமுத்துப்போச்சோ என்னவோ," என்றார், முகம் சுருங்கி. "வீட்டுல ரமா குடுத்தனுப்பினது. நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆகுதே."

ஜெயஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. மனிதனுக்குத் தெரியுமுன் நெருப்புக்குத் தெரியும். எல்லாரும் வெளியே போங்க, கதவு திறந்தே இருக்கட்டும், யாரும் உள்ளே வராதீங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டும். ஆனால் அதைச் சொன்னால், வகுப்பெடுக்கிறவளே விதியை மீறினாள் என்று அத்தனை பேர் எதிரில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

"ஏ.சி. காத்துதான்ணா," என்றாள். "வாங்க, சுண்டல் சாப்பிடலாம்."

எல்லாரும் வெளியே வந்து பொரியும் சுண்டலும் சாப்பிட்டார்கள். தயாளனுக்கு மனசு ஆறவில்லை. கற்பூரம் காட்டாத பூஜை பூஜையா? யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போனார். காற்று என்றுதானே மேடம் சொன்னார். அதனால் கற்பூரம் அணையாமலிருக்க, ரப்பர் பட்டி வைத்த அந்தக் கதவை நன்றாக இழுத்து மூடிக்கொண்டார்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தபோது டேங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தீக்குச்சிகள், தலை மட்டும் கருகியவை. முகத்தில் சிரிப்பு. ஓடியவர்களை ஜெயஸ்ரீ கையை விரித்துத் தடுத்தாள். கதவைத் திறந்துவைத்துவிட்டு வாயு வெளியேறும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

"யார் ஊத்தினது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கிரீஷ் போனில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

"தயாளன் அண்ணன்தான் சார்," என்றாள் ஜெயஸ்ரீ.

யாரும் மறுக்கவில்லை. மறுக்கவேண்டியவர் பிணமாகக் கிடந்தார்.

அதற்குப் பிறகு கிரீஷ் அவளிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவர் மேசையில் எப்போதும் புகையும் ஊதுபத்தி, அவள் பக்கத்தில் வந்து நின்றால் கங்கு கறுத்து அணைந்தது.

"மேடம், முடிச்சூர் போய் தயாளன் வைஃபை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்களேன்," என்றார் கண்ணைத் தேய்த்துக்கொண்டே. "நான் போனா சரியா இருக்காது. லேடீஸ் போனா டீசண்ட்டா இருக்கும்."

"போய் என்ன சார் சொல்றது?"

"சும்மா ஆறுதலா. அதெல்லாம் கிளறவேணாம். அந்தம்மா என்னவோ தான் குடுத்த கற்பூரத்தாலதான் அபசகுனம் ஆச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவுறாங்களாம். அப்படியே நினைச்சுக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?" பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "ஏன் மேடம், இந்த ரூம்ல ஏ.சி. வேலை செய்யலையா?"

அவள் போகவில்லை. தள்ளிப்போட்டாள். மழை, காய்ச்சல், அம்மாவுக்கு முடியவில்லை. ஒவ்வொன்றும் சின்னப் பொய். ஒவ்வொரு பொய்க்கும் அவளைச் சுற்றி ஏதோ ஒன்று கொஞ்சம் மெலிந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பெண் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கோயிலில் அவள் வரிசையில் நின்றபோது அர்ச்சகர் கையிலிருந்த தட்டில் சுடர் குட்டையாகிக் குட்டையாகி நெற்றிப்பொட்டளவுக்கு வந்தது. அவள் பின்வாங்கினாள். அது நிமிர்ந்தது. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சு முன்பைவிட நன்றாக வந்தது. நெஞ்சு நிறைய, குளுகுளுவென்று, யாரோ தங்கள் பங்கையும் அவளுக்கே விட்டுக்கொடுத்ததுபோல.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. கொசுவுக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. அம்மா தலைவலி என்று சீக்கிரமே பாயில் படுத்திருந்தாள். ஜெயஸ்ரீ மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்தாள், ஏற்றவில்லை. ஏற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஓட்டில் மழை சடசடவென்று கொட்டியது, எங்கோ சாக்கடை பொங்கும் நாற்றம் வந்தது, பக்கத்து போர்ஷன் டி.வி.யும் செத்துப்போயிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், அதைவிட நெருக்கமாக, இன்னொரு சத்தம் கேட்டது.

கிர்ரிக்.

நின்றது.

கிர்ரிக்.

பாத்ரூம் பக்கமிருந்து. தீப்பெட்டிப் பட்டையில் குச்சியை உரசும் சத்தம். ஒவ்வொரு உரசலுக்குப் பிறகும் ஒரு சின்ன இடைவெளி, உரசுகிறவர் பற்றியதா என்று பொறுமையாகப் பார்ப்பதுபோல. பிறகு அடுத்த குச்சி. பாத்ரூம் கதவு இழுத்து மூடியிருந்தது. அதன் அடி இடுக்கில் வெளிச்சமே இல்லை.

"அம்மா," என்றாள் ஜெயஸ்ரீ, இருட்டில். "பாத்ரூம்ல யாராவது கீறாங்களா?"

அம்மா சிரித்தாள். தூக்கத்திலேயே. மெல்ல, சந்தோஷமாக, யாரோ அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல.

போன் வெளிச்சத்தை அம்மா மேல் திருப்பினாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. நகங்கள் நீலம். சிரிப்பு மட்டும் அப்படியே.

வகுப்பில் இந்த நிறத்தை அவள்தான் படம் போட்டுக் காட்டுவாள்.

அக்குளில் கைகொடுத்து அம்மாவைத் தரதரவென்று இழுத்தாள். கதவை உதைத்துத் திறந்தாள். மாடிப்படியில், கொட்டும் மழையில் கிடத்திவிட்டு, தான் எதிர்ச்சுவர்வரை ஓடிப்போய் ஒட்டி நின்றாள். எவ்வளவு தள்ளி நிற்கமுடியுமோ அவ்வளவு. அம்மா வாயைப் பிளந்து ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். இன்னொன்று. கண்ணைத் திறந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? நல்லாத்தான தூங்கிகினு இருந்தேன். எதுக்கு மழைல இட்டாந்து போட்ட?" கையை ஊன்றி எழுந்தாள். "கிட்ட வந்து கை குடேன், மரம் மாதிரி நிக்கிற."

"நான் கிட்ட வரமாட்டேம்மா."

"எதுக்கு?"

"நாளைக்கு ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்துர்றேன். அப்புறம் வர்றேன்." சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லிட்டா போதும். சரியாப்பூடும்."

அன்றிரவு அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை. ரமாவிடம் சொல்லவேண்டும். நான்தான் ஊற்றினேன், நான்தான் காற்று என்று சொன்னேன், உங்கள் கற்பூரம் நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், படிக்கவைத்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது. சொல்லாவிட்டால் பார்ப்பதற்கு அம்மாவே இருக்கமாட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முடிச்சூரில் இறங்கியபோது தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் வயலாக இருந்த மனைகளில் தண்ணீர் முழங்கால்வரை நின்றது. தவளைகள் கத்தின. மின்கம்பிகளிலிருந்து நீர் சொட்டியது. வீட்டுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் தயாளன் அண்ணன்கூட வேலை செய்யுற..."

"ஜெயஸ்ரீ மேடம்தானே?" ரமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது வீங்கிய முகம், கலைந்த தலை. "அவர் உங்கள பத்திப் பேசாத நாளில்ல. எங்க மேடத்துக்கு மட்டும் பயப்படுவேன், அவங்க சொன்னா சரியா இருக்கும்னு. உள்ள வாங்க."

"இல்லக்கா, இங்கயே நின்னு ஒரு விஷயம்..."

"துக்க வீட்டு வாசல்ல நின்னு பேசக்கூடாது. நனையுறீங்க." ஈரக்கையோடு இழுத்தாள். உள்ளே இழுத்துக்கொண்டபின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "சாரல் அடிக்குது. அப்புறம் இந்தக் கொசு."

சின்னக் கூடம். ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமந்தி மாலையின் வாசனை, ஈரத்துணியின் வாசனை, கொசுவர்த்தியின் வாசனை. சுவரோரம் தயாளனின் படம், அதன் முன்னால் காமாட்சி விளக்கு. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாயில் ரமாவின் மகள் ஸ்ம்ருதி, இரண்டு வயசு இருக்கும், ஒரு பிளாஸ்டிக் கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா," என்றாள் ஒரு பெரியம்மா. "ஆபீஸ்லேருந்து ஒருத்தராச்சும் வந்தீங்களே. அந்த மேனேஜரு போன்கூட எடுக்கல."

"அவன் எதுக்கு எடுப்பான்? சாமிக்குக் காட்டின கற்பூரம்தான் கொன்னுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான்," என்றாள் இன்னொருத்தி.

ஜெயஸ்ரீ உட்காரவில்லை. விளக்கின் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல, அவளுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்தது.

"அந்தக் கற்பூரம் போன வருஷத்துது," என்றாள் ரமா. "புதுசு வாங்கியிருக்கலாம். சோம்பேறித்தனம். டப்பா மூடிகூட சரியா இல்ல, நமுத்திருக்கும்னு தெரியும், தெரிஞ்சும் மடிச்சு அவர் பாக்கெட்ல வச்சேன். அது ஒழுங்கா எரிஞ்சிருந்தா அவர் ஏன் திரும்பி உள்ள போறாரு? சொல்லுங்க மேடம். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. என்னாலதானே?"

விளக்கு அணைந்தது.

யாரோ ஐயோ என்றார்கள். ரமா பதறி எழுந்தாள். "பாத்தீங்களா, என் கையில எதுவும் நிக்கமாட்டேங்குது." தீப்பெட்டியை எடுத்தாள். உரசினாள். தலை மட்டும் சீறிக் கருகியது. இன்னொன்று. இன்னொன்று. "காத்து எங்கேருந்து வருது?" ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கதவின் அடியில் ஒரு பழைய புடவையைச் சுருட்டி அடைத்தாள்.

"அக்கா, அதை எடுங்க. கதவத் திறங்க."

"மழை உள்ள வரும்மா," என்றாள் பெரியம்மா, கொட்டாவி விட்டபடி. பக்கத்திலிருந்தவளும் விட்டாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாத சிரிப்பு.

ஜெயஸ்ரீ கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். இரும்பு சுட்டது. சூடில்லை. குளிர். உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். தோல் இழுபட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. இரும்பின்மேல் வெண்பனி பூத்து, விரல்களைச் சுற்றி ஏறியது.

"சொல்லுங்க மேடம்," என்றாள் ரமா பின்னாலிருந்து. குரலில் அழுகை இல்லை. இதமாக இருந்தது. "என்னமோ சொல்லவந்தீங்களே."

சொல்லிவிட்டால் போதும். சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

"நான்தான் ஊத்தினேன்," என்றாள் ஜெயஸ்ரீ.

வார்த்தையோடு வாயிலிருந்து வெள்ளை வந்தது.

மேலே போகவில்லை. உதட்டிலிருந்து வழிந்தது. மோவாயில் இறங்கியது. புடவை மடிப்புகளில் சரிந்து தரையைத் தொட்டது. தரையில் பரவியது.

"காத்துன்னு நான்தான் சொன்னேன். காத்து இல்ல. உங்க கற்பூரம் நல்லாத்தான் இருந்துச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் கொஞ்சம். நிறுத்த முடியவில்லை. இன்னொரு கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்குகளில் வழிந்தது. "கேளுங்கக்கா. எழுந்திருங்க. எல்லாரும் எழுந்திருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, அவளைப் பிரியமாகப் பார்த்தார்கள். ரமா படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். சிரிப்பு. இரண்டு முகத்திலும் ஒரே சிரிப்பு.

ஒட்டிய கையோடு ஜெயஸ்ரீ கத்தினாள். வெள்ளை பாயை மூடியது. இடுப்புவரை அதில் மூழ்கி உட்கார்ந்திருந்த ஸ்ம்ருதி, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, கைதட்டினாள்.

ஒருமுறை.

அடுத்த தட்டலுக்காகக் கைகளை அகல விரித்தாள். விரித்த கைகள் அப்படியே நின்றன.